நடக்கும் உரிமை: 1924 அரசாணையும் அடையாற்றங்கரையும்

மணிமங்கலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒரு போர். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த களங்களாகக் கூரம் செப்பேடு பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று பெயர்களைச் சொல்கிறது. மன்னர்கள் நடந்த வழியெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. நம்முடைய முன்னோர் எந்த வழியில் நடக்கலாம், எந்த வழியில் நடக்கக் கூடாது என்பதும் வரலாறுதான். அதைத்தான் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. சென்னையிலும் அதைச் சுற்றியும் ஏரிக்கரை, ஆற்றங்கரை, பூங்கா என்று எங்கு பார்த்தாலும் நடைப்பயிற்சிப் பாதை போடுகிறார்கள். போடட்டும். ஒரகடத்தில் ஷிப்டு முடித்து வருகிற தோழருக்கும் காலாற நடக்க ஒரு இடம் வேண்டும். ஆனால் 'பொதுமக்கள் நடக்க' என்று எழுதியிருக்கும்போது, அந்தப் பொதுவுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது நம் வேலை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் மணிமங்கலத்துக்கு லோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று இன்னொரு பெயர் உண்டு. வேதம் ஓதும் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர் என்பது பெயரிலேயே இருக்கிறது. அதே காலத்தின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியாகக் கணக்கெழுதுகின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நில அளவைக்குள் வந்துவிட்ட விஷயம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதியபோது, குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் கையில் இருப்பதைக் காட்டினார். பஞ்சமி நிலத்துக்கு வழிவிட்ட அறிக்கை என்று நமக்கெல்லாம் தெரியும். அதை நடக்கும் உரிமையோடு சேர்த்தும் படிக்க வேண்டும். குடிசை நிற்கும் மண்ணே அவனுடையது என்றால், அங்கிருந்து வெளியே போகிற வழி மட்டும் யாருடையதாக இருந்திருக்கும்?

இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் 1859இல் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். 1923இல் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்து, அடுத்த ஆண்டே பொது வழிகள் பற்றித் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவு 1924 செப்டம்பர் 25 தேதியிட்ட அரசாணை எண் 2660. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் நகரத்திலும் பொதுச் சாலை, தெரு, நடைபாதை வழியாக நடக்க ஆட்சேபணை இல்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் பயன்படுத்துவது போலவே ஒடுக்கப்பட்ட வகுப்பாரும் பயன்படுத்தலாம். சாரம் இவ்வளவுதான். 'ஆட்சேபணை இல்லை' என்ற சொல்லைக் கவனியுங்கள். தடுப்பவனைத் தண்டிப்போம் என்று அதில் இல்லை. அந்தப் பல்லை வைப்பதற்காக ஆர். வீரையன் மேலவையில் மசோதா கொண்டுவந்து போராட, 1926இல் சட்டத் திருத்தம் வந்தது.

அந்த ஆணைக்கு முதல் சோதனை இரண்டு மாதத்திலேயே வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காடு கல்பாத்தியில், 1924 நவம்பர் தேர்த் திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் நடக்கப் போன ஈழவர்களைத் தடுத்தார்கள். என்ன வாதம் தெரியுமா? அது பொதுத் தெருவே இல்லையாம், பிராமணர்களின் சொந்தத் தெருவாம். ஆணை 'பொது' என்று சொன்னால், தெருவையே பொதுவிலிருந்து எடுத்துவிட்டால் போதும். அரசும் கடைசியில் அமைதி என்ற பெயரில் நடக்கப் போனவர்களுக்குத்தான் தடை போட்டது. அதே ஆண்டு வைக்கத்தில் நடந்த போராட்டமும் கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கத்தான். பம்பாயிலும் 1923இல் பொது நீர்நிலைகளைத் திறந்துவிடத் தீர்மானம் நிறைவேறியது. அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் மகாத் குளத்துக்கு நடந்தது 1927 மார்ச்சில். தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு ஆண்டு.

பின்னர் அரசியலமைப்புச் சட்டம் வந்தது. 15(2) பிரிவில் கிணறு, குளம், குளிக்கும் துறையோடு சாலைகளும் மக்கள் கூடும் இடங்களும் இருக்கின்றன. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பூங்காவும் அதற்குள் அடங்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சாலையையும் வழியையும் மறிப்பதைக் குற்றமாக்கியது. செருப்பு அணிவதைத் தடுப்பதையும் சேர்த்துத்தான். இவ்வளவுக்கும் பிறகு 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்கு வழி கிடைக்காமல் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வழியை மறித்தது பட்டா நிலத்து வேலி. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. கல்பாத்தியில் சொன்ன அதே 'சொந்தம்', கம்பி வேலியாக வந்து நின்றது.

மறுபடியும் மணிமங்கலத்துக்கு வருவோம். அடையாறு தொடங்குவது மணிமங்கலத்தை ஒட்டிய மலைப்பட்டு ஏரியிலிருந்துதான். சுமார் 40 கிலோமீட்டர் ஓடி அது கடலில் சேருகிற இடத்தில், 2011இல் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. அரசுப் பணத்தில் உருவான அந்தப் பூங்காவுக்குள் பல ஆண்டுகள் முன்பதிவும் அனுமதியும் இல்லாமல் நடக்க முடியாமல் இருந்தது. இடையில் உள்ள கரையில் என்ன நடந்தது? 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடிசைகளை 'ஆக்கிரமிப்பு' என்று அகற்றினார்கள். தலித் குடும்பங்கள் ஏராளமாக இருந்த அந்த மக்களைப் பெரும்பாக்கம் போன்ற தொலைதூர அடுக்ககங்களுக்கு அனுப்பினார்கள். ஆறுகளைச் சீரமைக்கும் திட்டங்களில் அதே கரைகளுக்கு வரைந்திருப்பது பூங்காவும் நடைபாதையும். வெள்ள ஆபத்து உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறையாகக் கரையில் வாழ்ந்தவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிட, காலையில் காரில் வந்து நடப்பவர் மட்டும் பொதுமக்கள் ஆவது எந்தக் கணக்கு?

நம் பகுதியில் இன்னும் ஒரு படி மேல். சிப்காட்டுக்கு நிலம் எடுத்தபோது வயலோடு வயலுக்கு நடுவே போன பாதைகளும் மதிலுக்குள் போயிருக்கின்றனவா என்பதைக் காகிதத்தில் பார்க்க முடியும். கிராம 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதை, நடைபாதை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் புறம்போக்கு என்று புல எண்ணோடு இருக்கும். மாணவர்கள் இதை ஒரு விடுமுறையில் செய்துவிடலாம். உங்கள் ஊர்ப் பதிவேட்டின் நகலையும் கிராம வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கையில் கிடைத்ததும் காலனியிலிருந்து ஏரிக்கரைக்கும் சுடுகாட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் வரைபடத்தில் உள்ள வழியில் நடந்து பாருங்கள். எங்கே வேலி வருகிறதோ, அங்கே புல எண்ணைக் குறித்துக்கொண்டு தாசில்தாருக்கு மனு எழுதுங்கள். மனுவில் அரசாணை 2660ஐயும் தேதியோடு குறிப்பிடுங்கள்.