சிப்பிக் கணக்கில் சேராதவை: மன்னார்க் கரைச் சுழியோடிகளின் மூளைநலம்

மன்னார்த் தீவினதும் அதன் தென்கரையினதும் வரலாறு பெரும்பாலும் முத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்கள் சலாப வருமானத்தோடு சேர்த்தே ஆவணங்களில் இடம்பெறுகின்றன. முத்தெடுத்த சுழியோடியின் உடலுழைப்பு ஓரளவு பேசப்பட்டுள்ளது. அவ்வுழைப்பு அவரது நினைவையும் சிந்தனையையும் தாக்கியிருக்கக் கூடுமா என்ற வினாவோ உரிய கவனம் பெறவில்லை. அவ்வினாவையே நாம் இங்கு எழுப்புகின்றோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சலாபம் அரசின் ஏகபோகமாயிருந்தது. கல்லின் துணையோடு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி அள்ளுவது சுழியோடியின் தொழில். ஒரே நாளில் பல பத்துத் தடவை அவர் இவ்வாறு மூழ்கினார். எடுத்த சிப்பியில் மூன்றிலிரண்டு பங்கு அரசைச் சேர்ந்தது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கணக்கிடப்பட்டன. 1902இல் ஆய்வுக்கு வந்த ஹேர்ட்மனின் அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக லண்டன் றோயல் சொசைற்றி வெளியிட்டது. அதன் ஆய்வுப்பொருள் சிப்பியும் அதன் ஒட்டுண்ணிகளுமாகும். சுழியோடியின் வாய், மூக்கு, காது ஆகியவற்றில் வழிந்த குருதியை 1803இலேயே பேர்சிவல் குறித்திருந்தார். கண்ணுக்குப் புலனான பாதிப்பு பதிவாயிற்று, புலனாகாதது பதிவாகவில்லை.

பசிபிக் சமுத்திரத்துத் துவாமொத்துத் தீவுகளின் முத்துக்குளிப்போர் இத்தகைய பாதிப்புக்கு ஒரு பெயரே வைத்திருந்தனர். 'தரவானா' என்னும் அச்சொல் பித்துற்று வீழ்தலைக் குறிப்பது. தலைச்சுற்று, வாதம், மனக்குழப்பம், சிலவேளை மரணம் என்பன அதன் விளைவுகள். அவர்கள் மன்னார்ச் சுழியோடிகளிலும் ஆழமாக மூழ்கியவர்கள். ஆதலின் இங்கும் அவ்வாறே நிகழ்ந்ததெனத் துணிதல் முறையன்று. எனினும், உழைப்போரின் மொழி அறிந்திருந்ததை அலுவலரின் ஏடு அறியாதிருக்கலாம் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

சங்குக்கும் கடலட்டைக்குமாகக் காற்றுச் சிலிண்டரோடு இறங்கும் இன்றைய சுழியோடிகளைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. ஆழத்தின் அழுத்தத்தில் நைதரசன் இழையங்களிற் கரைகின்றது; விரைந்து மேலேறின் குமிழிகளாகின்றது. கொழுப்பு மிகுந்த மயலின் உறை அவ்வாயுவை மிகுதியாக ஏற்பதால் முண்ணாணின் வெண்பொருள் எளிதிற் பழுதடைகின்றது. மூளை தாக்கப்படின் கவனமும் நினைவும் குன்றலாம். படிப்படியாக மேலேறும் முறையை ஹோல்டேன் 1908இலேயே வகுத்துவிட்டார். கருவி கரையை அடைந்தது. அவ்வறிவு அதனைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரையும் அடைந்ததா என்பதே வினா.

மயலின் சிதையும் பிறிதொரு நோயான மல்ரிப்பிள் ஸ்க்ளெரோசிஸின் வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. அந்நோயாளரின் நினைவு தளர்வதை 1868இலேயே பாரிசில் ஷார்க்கோ குறித்தார். ஆயினும் பின்னர் வழக்கில் நிலைபெற்ற அளவுகோல் நடக்கும் திறனுக்கே முதன்மை தந்தது. நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அறிவாற்றற் குறைபாடுடையோர் என்பதை 1991இல் ராவோ குழுவினரின் அமெரிக்க ஆய்வு நிறுவியது. வசதி படைத்த மருத்துவ உலகிலேயே நிலை இதுவெனின், கூலிக்குக் கடலில் இறங்குவோரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே, கால் மரத்த சுழியோடியைச் சோதிக்கும் மருத்துவர் அவரது நினைவையும் கவனத்தையும் சோதித்தல் வேண்டும். வரலாற்று மாணவரோ கரையூர் முதியோரின் வாய்மொழியைத் திரட்டுதல் வேண்டும். உழைப்பின் விலையைக் கணிக்கையில் உழைப்போரின் மனத்தையும் கணக்கிற் சேர்க்காத வரலாறு, சிப்பி எண்ணியோரின் வரலாறாகவே எஞ்சும்.