ஒரே பெர்ஃபியூம்... ஆளுக்கொரு வாசனை ஏன்? ‘நிஷ்’ பெர்ஃபியூம் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

‘செம வாசனை, கண்ணை மூடிட்டு வாங்கலாம்’ என்கிறது ஒரு ரீல்ஸ். நம்பி இருபதாயிரம் ரூபாய்க்கு ஆர்டர் போட்டு, பாட்டில் வந்ததும் அடித்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. இல்லையென்றால் தலைவலிதான் மிச்சம். அந்த விமர்சனம் பொய்யா? அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய தோலும் மூக்கும் வேறு, உங்களுடையது வேறு.

நிஷ் பெர்ஃபியூம் என்றால் என்ன?

பெரிய ஃபேஷன் நிறுவனங்கள், முடிந்தவரை எல்லோருக்கும் பிடிக்கும்படி தயாரிப்பவை ‘டிசைனர்’ பெர்ஃபியூம்கள். சிலருக்குப் பிடித்தால் போதும் என்று, வாசனையை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்கள் தயாரிப்பவை நிஷ். 1976-ல் பிரான்சில் ழான் லபோர்ட் தொடங்கிய ‘லார்ட்டிசான் பர்ஃப்யூமர்’ இதன் முன்னோடிகளில் ஒன்று. 2000-ல் ஃப்ரெடரிக் மால் தொடங்கிய நிறுவனம், புத்தக அட்டையில் எழுத்தாளர் பெயர் போடுவதுபோல, வாசனையை உருவாக்கியவரின் பெயரைப் பாட்டிலிலேயே போட்டது.

ஆனால் நிஷ் என்றாலே சின்ன கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். ஃப்ரெடரிக் மால், லெ லாபோ இரண்டையும் வாங்குவதாக 2014-ல் எஸ்டே லாடர் அறிவித்தது.

காகிதத்தில் ஒன்று, கையில் ஒன்று ஏன்?

பெர்ஃபியூமில் உள்ள பொருட்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் முதலில் பறந்துவிடும். அடுத்து பூ வாசனைகள். சந்தனம், வெனிலா, கஸ்தூரி வகைகள் கடைசிவரை நிற்கும். கடையில் நீட்டும் காகிதத்தில் சூடு இல்லை, எண்ணெய்ப் பசையும் இல்லை. உடம்பில் இரண்டும் உண்டு. வறண்ட சருமத்தில் வாசனை சீக்கிரம் போய்விடும், எண்ணெய்ப் பசை உள்ள சருமத்தில் கொஞ்சம் நேரம் நிற்கும். குளிர்நாட்டில் இருப்பவர் ‘மென்மையானது’ என்று எழுதியது, சென்னை வெயிலில் ஆளைத் தூக்கும் அளவுக்கு இருக்கலாம்.

எனக்கு மட்டும் வாசனையே வரலையே?

வாசனையை உணரும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். சில வகை செயற்கைக் கஸ்தூரி சிலருடைய மூக்குக்குத் தெரியவே தெரியாது. 2006-ல் கேசா ஷோன் உருவாக்கிய ‘மாலிக்யூல் 01’ நல்ல உதாரணம். அதில் இருக்கும் வாசனைப் பொருள் ‘ஐசோ ஈ சூப்பர்’ என்ற ஒன்று மட்டும்தான். சிலர் அதை இதமான மர வாசனை என்கிறார்கள், சிலர் வெறும் தண்ணீர் என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

இன்னொன்று, மூக்கு பழகிவிடும். உங்களுக்கு வாசனை போய்விட்டது போலத் தோன்றும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு அது நன்றாகவே வரும். அதனால் மறுபடி மறுபடி அடிக்க வேண்டாம்.

நினைவும் சேர்ந்து முகரும்

2005-ல் வந்த ஃப்ரெடரிக் மாலின் ‘கார்னல் ஃப்ளவர்’ பெர்ஃபியூமின் மையம் டியூப்ரோஸ். அது வேறொன்றுமில்லை, நம்ம ஊர் மாலைகளில் கட்டும் சம்பங்கிதான். அந்தப் பூவோடு வளராதவருக்குப் புதுமையாகத் தெரியும் வாசனை, இங்கே கல்யாண மண்டபத்தை நினைவுபடுத்தும். மல்லிகையும் அப்படித்தான். தமிழ்நாட்டு மல்லிகையிலிருந்து எடுக்கப்படும் சாறு வெளிநாட்டு பெர்ஃபியூம்களுக்கும் போகிறது. மல்லிகையில் ‘இண்டோல்’ என்ற பொருள் இயற்கையாகவே உண்டு. அதனால்தான் சில விமர்சகர்கள் மல்லிகை வாசனையில் லேசான ‘அழுக்கு’ இருப்பதாக எழுதுவார்கள்.

விமர்சனத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

* எத்தனை மணி நேரம் அணிந்து பார்த்தார்? பாட்டிலைத் திறந்த உடனே சொல்வது பாதி விமர்சனம்தான்.
* எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எத்தனை ஸ்பிரே?
* காசு கொடுத்து வாங்கியதா, விளம்பரமா? இந்தியாவில் கட்டண விளம்பரம் என்றால் அதைக் குறிப்பிட வேண்டும் என்கின்றன இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல்கள்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

முழு பாட்டிலுக்குப் போகாமல் 2 மில்லி சாம்பிள் வாங்குங்கள். மணிக்கட்டில் அடித்து, தேய்க்காமல் விடுங்கள். உடனே, அரை மணி நேரம் கழித்து, நான்கு மணி நேரம் கழித்து என்று மூன்று முறை முகருங்கள். ஒரு நாள் ஏசியில், ஒரு நாள் வெயிலில் அணிந்து பாருங்கள். கடையில் காப்பிக்கொட்டை கொடுத்தால் அதை நம்ப வேண்டியதில்லை. வெளிக்காற்றை சுவாசித்தாலே போதும்.

தோலில் அரிப்பு, சிவப்பு வந்தால் உடனே கழுவிவிடுங்கள். லிமோனீன், லினலூல் போன்றவை சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. பூக்களிலும் பழத்தோலிலும் இயற்கையாகவே இருப்பவை என்பதால், ‘இயற்கையானது’ என்ற வார்த்தை மட்டும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. அரிப்பு தொடர்ந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், மறக்காமல் பெட்டியையும் எடுத்துப் போங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க அதிலுள்ள பட்டியல் உதவும்.