சுகாதார ஆய்வின் பின்புலமும் தீவகத்தின் வரலாறும்

சுகாதார ஆய்வுகளுக்கான முன்வரைபுகளிலே ‘பின்புலம்’ எனும் பகுதி பெரும்பாலும் சடங்காகவே எழுதப்பட்டு வருகின்றது. உலகப் புள்ளிவிபரங்கள் சில, நாட்டின் சராசரிகள் சில, ஈற்றில் ‘இப்பிரதேசத்தில் ஆய்வுகள் அருகியே உள்ளன’ என்றொரு வாக்கியம். இவ்வளவில் அது முற்றுப்பெறுகின்றது. ஆயின், எதனை, யாரிடம், எவ்வாறு வினவப்போகின்றோம் என்பதைத் தரவு திரட்டுமுன்னரே எழுத்தில் நிலைநிறுத்துவதே முன்வரைபின் பயனாகும். அவ்வினா ஏன் எழுந்தது என்பதற்கான விடை பின்புலத்திலேயே அமையவேண்டும். அவ்வகையில், பின்புலம் என்பது அடிப்படையில் ஒரு வரலாற்றுக் கட்டுரையே. யாழ்ப்பாணத் தீவகம் இதற்குத் தக்க சான்றாகும்.

முதலாவது, மக்கட்டொகை. 1981க்குப் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பு 2012இலேயே நடைபெற்றது. இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளில், குறிப்பாக 1990, 1991ஆம் ஆண்டுகளின் யுத்த நடவடிக்கைகளால், தீவக மக்களிற் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர், பலர் புலம்பெயர்ந்தனர். இக்காலத்தில் ஊர்காவற்றுறையில் ஒரு நோயால் பாதிக்கப்பட்டோர் தொகை அரைவாசியாயிற்று என வைத்துக்கொள்வோம். நோய் குறைந்ததா, ஊர் வெறுமையானதா? வகுக்கும் எண்ணை அறியாமல் வீதம் கூறுவது விஞ்ஞானமாகாது.

இரண்டாவது, நீர். சுண்ணக்கற் பாறையாலான இத்தீவுகளில் மழையால் ஊறும் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே தங்குகின்றது. அளவுமீறி இறைத்தால் உவர் மேலெழும். எனவே நல்ல தண்ணீர்க் கிணறு இங்கு அருஞ்செல்வம். ஆனால் கிணற்றைப் பயன்படுத்தும் உரிமையை இயற்கை மாத்திரம் தீர்மானிக்கவில்லை. யாழ்ப்பாணச் சமூகத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கிணறுகள் மறுக்கப்பட்டமை வரலாற்று உண்மை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்திற்கும் அறுபதுகளின் தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களுக்கும் இம்மறுப்பு ஒரு முக்கிய காரணமாயிற்று. கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவல் பேசுவதும் இதையே. நீரின் உவர்த்தன்மையை அளந்துவிட்டு, எவர் எந்தக் கிணற்றில் அள்ளினர் என்று கேளாத ஆய்வு, காரணத்தின் பாதியையே காணும்.

மூன்றாவது, தூரம். நெடுந்தீவு நோயாளி ஒருவர் குறிகாட்டுவானை அடையவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் செல்லவேண்டும். அதன்பின் தரைவழி யாழ்ப்பாணம் சேரவேண்டும். பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகோட்டம் தடைப்படும். ஆதலால் யாழ்ப்பாண வைத்தியசாலையின் பதிவேடு நோயுற்றோர் அனைவரையும் காட்டுவதன்று. கடலைக் கடக்க இயன்றவர்களையே காட்டுவது. கூலி வேலையை ஒருநாள் விடமுடியாதவர் அப்பதிவேட்டில் இடம்பெறார். இவ்வரையறையை முன்வரைபு வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

நான்காவது, மொழி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அவரது சமய நோக்கை மறைக்க வேண்டியதில்லை. எனினும், மக்களின் மொழியில் மருத்துவம் இயலும் என்பதை அவர் செயலில் நிறுவினார். இன்றோ, பங்குபற்றுவோரின் சம்மதப் படிவங்கள் ஆங்கில மூலத்தின் நிழலாகவே தமிழில் வருகின்றன. விளங்காத மொழியில் வாங்கிய கையொப்பம் சம்மதமாகாது.

1848இல் மேல் சிலேசியாவின் கொள்ளைநோயை ஆராயச் சென்ற ஜெர்மனிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ஷோ, அதன் வேர்களை வறுமையிலும் கல்வியின்மையிலும் ஆட்சியின் அசட்டையிலும் கண்டார். அவரது அறிக்கை அம்மக்களின் வாழ்நிலையை விரிவாக ஆராய்ந்தமையாலேயே அம்முடிபு சாத்தியமாயிற்று. இவ்விடத்து ஒன்று மனங்கொளத்தக்கது. பின்புலத்தில் வரலாறு இல்லாதபோது அவ்வெற்றிடம் வெறுமையாக இருப்பதில்லை. ‘மக்களின் அறியாமை’, ‘தவறான பழக்கவழக்கங்கள்’ என்பன அங்கு வந்து அமர்ந்துகொள்கின்றன. நோயுற்றவரே நோய்க்குப் பொறுப்பாளியாகின்றார். தீர்வும் அறிவுரைத் துண்டுப்பிரசுரத்தோடு நின்றுவிடுகின்றது.

ஆகவே தீவகத்தை ஆராய முற்படுவோர் தம் பின்புலத்தில் நான்கு வினாக்களுக்கேனும் விடை எழுதுதல் வேண்டும்: இங்கு எஞ்சியிருப்போர் யாவர்? அவர்தம் நீர் யார் கையில் உள்ளது? எண்ணப்படாதோர் எவர்? வினாக்கள் எவரது மொழியில் எழுதப்பட்டுள்ளன? இவற்றுக்கு விடை கண்டபின்னரே அளவுகோலைக் கையில் எடுப்பது முறையாகும்.