ஆப்பிள் எதிர் சைஸ்டார் வழக்கு

ஆப்பிள் எதிர் சைஸ்டார் என்பது, ஒரு மென்பொருளை எந்தக் கணினியில் நிறுவலாம் என்பதை அதன் உரிம ஒப்பந்தம் கட்டுப்படுத்த இயலுமா என்ற வினாவை ஒட்டி, ஐக்கிய அமெரிக்காவில் 2008 முதல் 2012 வரை நடைபெற்ற வழக்கு ஆகும். மாக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தைத் தான் தயாரித்த கணினிகளில் நிறுவி விற்ற சைஸ்டார் என்னும் புளோரிடா நிறுவனத்தின் மீது ஆப்பிள் நிறுவனம் இவ்வழக்கைத் தொடுத்தது. மாவட்ட நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆப்பிளுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தன. எனினும், இத்தகைய விதி தனிப் பயனர் ஒருவரை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது இவ்வழக்கில் தீர்மானிக்கப்படவில்லை.

பின்னணி

ஆப்பிள் தனது இயங்குதளத்தைப் பிற நிறுவனக் கணினிகளில் பயன்படுத்த 1995 இல் உரிமம் வழங்கத் தொடங்கியது. பவர் கம்ப்யூட்டிங் முதலிய நிறுவனங்கள் மாக் கணினிகளைவிடக் குறைந்த விலையில் நகல் கணினிகளை விற்றன. 1997 இல் ஸ்டீவ் ஜாப்ஸ் நிறுவனத்துக்குத் திரும்பியபின் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

2006 இல் மாக் கணினிகள் இன்டெல் செயலிக்கு மாறியபோது நிலைமை மாறியது. செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றைப் பொறுத்தவரை மாக் கணினிக்கும் கடையில் உதிரிபாகங்கள் வாங்கிப் பூட்டும் கணினிக்கும் பெரிய வேறுபாடு இல்லாமற் போயிற்று. ஆப்பிள் சில முக்கியக் கோப்புகளை மறையாக்கம் செய்து வைத்திருந்தது. ஆர்வலர்கள் அதனை விரைவிலேயே கடந்துவிட்டனர். இவ்வாறு உருவான கணினிகள் ஹாக்கின்டாஷ் என அழைக்கப்பட்டன.

எஞ்சியிருந்த தடை உரிம ஒப்பந்தம் மட்டுமே. ஆப்பிள் பெயர் தாங்கிய கணினி தவிர வேறெதிலும் மென்பொருளை நிறுவவோ இயக்கவோ கூடாது என 2007 இல் வெளியான லெப்பர்டு பதிப்பின் ஒப்பந்தம் கூறியது. ஆப்பிள் பொருட்களுடன் இலவசமாக வந்த ஆப்பிள் படம் போட்ட ஒட்டியைத் தம் கணினியில் ஒட்டிவிட்டால் நிபந்தனை நிறைவேறிவிடும் என்று பயனர்கள் வேடிக்கையாகக் கூறியதுண்டு. அதே வேளையில் லெப்பர்டு குறுந்தட்டு 129 டாலர் விலையில் கடைகளில் எவருக்கும் விற்கப்பட்டது. முரண்பாட்டின் வேர் இதுதான்.

சைஸ்டார் 2008 ஏப்ரலில் ஓபன்மாக் என்ற கணினியை அறிவித்தது. சில நாட்களிலேயே அதன் பெயர் ஓபன் கம்ப்யூட்டர் என மாற்றப்பட்டது. இயங்குதளம் நீங்கலாக அதன் தொடக்க விலை 399 டாலர். அப்போது ஆப்பிளின் மிக மலிவான மாக் மினியின் விலை 599 டாலர் ஆகும்.

வழக்கின் போக்கு

ஆப்பிள் 2008 சூலை 3 அன்று வடக்கு கலிபோர்னிய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிபதி வில்லியம் அல்சப் அதனை விசாரித்தார். ஆப்பிள் ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறுகிறது என்ற சைஸ்டாரின் எதிர்வழக்கு அதே ஆண்டு நவம்பரில் தள்ளுபடி செய்யப்பட்டது. மாக் ஓஎஸ் என்பது தனியொரு சந்தை அன்று. ஒரு நிறுவனம் தன் சொந்தப் பொருளில் ஏகபோகம் கொண்டிருப்பது குற்றம் ஆகாது என்பது அதன் சாரம்.

2009 நவம்பர் 13 தீர்ப்பைப் புரிந்துகொள்ள சைஸ்டாரின் செய்முறையை அறிதல் வேண்டும். அந்நிறுவனம் ஒரு மாக் மினியிலிருந்து இயங்குதளத்தின் முழு நகலை எடுத்து, தொடக்க ஏற்றியையும் சில கெர்னல் நீட்சிகளையும் மாற்றி, அந்த மூல நகலைத் தன் கணினிகள் அனைத்திலும் படியெடுத்தது. வாடிக்கையாளருக்கு முறையாக வாங்கிய குறுந்தட்டு ஒன்றும் பிரிக்கப்படாமல் உடன் அனுப்பப்பட்டது. ஆனால் கணினியில் இருந்த நகல் அக்குறுந்தட்டிலிருந்து வந்ததன்று. ஆகவே படியெடுத்தல், திருத்தப்பட்ட ஆக்கம் உருவாக்குதல், பகிர்ந்தளித்தல் ஆகிய மூன்று உரிமைகளும் மீறப்பட்டன என்றும், மறையாக்கத்தைக் கடந்தது எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணானது என்றும் நீதிபதி முடிவு செய்தார். முறையாக விற்ற பிரதியை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்ற முதல் விற்பனைக் கோட்பாடு, முறையின்றி எடுக்கப்பட்ட இப்படிகளுக்குப் பொருந்தவில்லை. அடுத்த மாதம் நிரந்தரத் தடையாணை பிறந்தது. இழப்பீடாக ஏறத்தாழ 26.7 இலட்சம் டாலர் ஒப்புக்கொள்ளப்பட்டது.

மேல்முறையீட்டில் சைஸ்டார், ஆப்பிள் பதிப்புரிமையை முறைகேடாகப் பயன்படுத்துகிறது என வாதிட்டது. ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 28 அன்று இதனை நிராகரித்தது. சைஸ்டார் சொந்த இயங்குதளம் எழுதுவதையோ சொந்த வன்பொருள் விற்பதையோ ஆப்பிளின் விதி தடுக்கவில்லை. ஆப்பிளின் மென்பொருளை அவ்வன்பொருளில் பயன்படுத்துவதை மட்டுமே தடுக்கிறது என்பது அதன் விளக்கம். 2012 இல் உச்சநீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

செல்லுபடித்தன்மை

இவ்வகை விதிகளின் வலிமை, பயனர் மென்பொருளின் பிரதியை வாங்கினாரா அல்லது உரிமம் மட்டுமே பெற்றாரா என்பதில் தங்கியுள்ளது. பிரதியின் உரிமையாளர் அதனை இயக்கத் தேவையான படியை எடுத்துக்கொள்ள அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. உரிமம் மட்டும் பெற்றவருக்கு அச்சலுகை இல்லை. நிரலை நினைவகத்தில் ஏற்றுவதே படியெடுத்தல்தான் என்று 1993 இலேயே தீர்ப்பு இருப்பதால், கணினியை ஒவ்வொரு முறை இயக்குவதற்கும் உரிமையாளரின் இசைவு தேவை என்ற விந்தையான நிலை ஏற்படுகிறது. 2010 இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கு, நிறுவனம் உரிமம் என்று எழுதி, கைமாற்றலையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தினாலே அது விற்பனை ஆகாது என்றது. கட்டுப்பாடு விதித்ததாலேயே கட்டுப்பாடு செல்லும் என்று முடியும் வட்ட வாதம் இது என்ற குறை நியாயமானதே.

எல்லா நீதிமன்றங்களும் இவ்வழியில் செல்லவில்லை. தொலைபேசி இணைப்பகங்களின் இயங்குதளத்தைத் தன் வன்பொருளுடன் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற விதியை 1999 இல் ஐந்தாம் வட்ட நீதிமன்றம் பதிப்புரிமை முறைகேடு எனக் கண்டது (அல்காடெல் எதிர் டிஜிஐ). போட்டி நிறுவனம் தன் அட்டைகளைச் சோதிக்கவே அவ்விதி தடையாக இருந்தது. ஐரோப்பாவில், கட்டணம் பெற்றுக் காலவரையின்றி வழங்கும் உரிமம் விற்பனையே என ஐரோப்பிய நீதிமன்றம் 2012 இல் யூஸ்டுசாஃப்ட் வழக்கில் தீர்ப்பளித்தது.

அறநெறி விவாதம்

ஆப்பிள் தரப்பு நியாயம் பொருளியல் சார்ந்தது. இயங்குதளத்தின் ஆக்கச் செலவு கணினியின் விலையில் அடங்கியுள்ளது; 129 டாலர் என்பது ஏற்கெனவே மாக் வைத்திருப்போருக்கான மேம்பாட்டு விலை. எதிர்த்தரப்போ, நூலை விற்ற பதிப்பாளர் தம் விளக்கொளியில்தான் அதனைப் படிக்க வேண்டும் எனக் கூற முடியுமா என வினவுகிறது. வீட்டில் தனக்கென ஒரு கணினியில் நிறுவியவரையும், மூல நகலிலிருந்து வணிகமாகப் படியெடுத்தவரையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. சைஸ்டார் வழக்கு பின்னவரைப் பற்றியது.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் எந்த நோக்கத்துக்கும் நிரலை இயக்கும் உரிமையை முதல் உரிமையாகக் கொள்கிறது. ஆயினும் அதன் உரிமங்களும் பதிப்புரிமையின் வலுவிலேயே நிற்கின்றன. திறமூல உரிமத்தின் நிபந்தனைகள் செல்லும் என 2008 இல் ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில் கிடைத்த வெற்றியும், ஆப்பிளின் வெற்றியும் ஒரே அடித்தளத்தைச் சார்ந்தவை. உரிம நிபந்தனைகள் எல்லாமே வெற்றுக் காகிதம் எனக் கூறுவோர் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பிற்கால நிலை

என்விடியா நிறுவனம் 2017 இன் இறுதியில் ஜிஃபோர்ஸ் அட்டைகளின் இயக்கி மென்பொருளைத் தரவு மையங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. தொகுதிச்சங்கிலிக் கணிப்பு மட்டும் விலக்களிக்கப்பட்டது. அட்டை வாங்கியவருக்குச் சொந்தம், அதனை இயக்கும் நிரல் சொந்தமன்று என்ற அதே நிலை இங்கும் உண்டு.

ஆப்பிள் 2013 முதல் இயங்குதள மேம்பாட்டை இலவசமாக வழங்குகிறது. 2020 இல் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறத் தொடங்கியது. 2025 இல் வெளியான மாக்ஓஎஸ் தாஹோவே இன்டெல் செயலிகளில் இயங்கும் கடைசிப் பதிப்பு ஆகும்.