கட்டுச்சோறு இல்லாத விதை

நெல்லோ அவரையோ முளைக்கும்போது முதல் சில நாள்களுக்கான உணவு விதைக்குள்ளேயே இருக்கும். ஆர்க்கிட் விதைக்கு அந்தக் கட்டுச்சோறு கிடையாது. காய் வெடித்தால் பறப்பது வெறும் தூள்; ஒரு காயில் லட்சக்கணக்கான விதைகள் இருந்தாலும் இயற்கையில் தேறுபவை மிகச் சில. இந்த முடிச்சை மனிதர் அவிழ்த்த கதையில் புகழெல்லாம் மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்களுக்குப் போய்விட்டது. ஆனால் இரண்டு முக்கியமான கட்டங்களில் முந்திக்கொண்டவை மண்ணில் வேர்விடும் தரை ஆர்க்கிட்கள்தான்.

முதல் கட்டம் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் நடந்தது. வீச் குடும்பத்தாரின் நாற்றுப்பண்ணையில் ஜான் டோமினி என்ற தோட்டக்காரர், ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவரின் யோசனைப்படி கலாந்தே என்ற தரை ஆர்க்கிட் வகையின் இரண்டு இனங்களை மகரந்தம் மாற்றிக் கலந்தார். 1856-இல் பூத்த அந்தச் செடிதான் மனிதர் உருவாக்கிப் பூக்கவைத்த முதல் கலப்பின ஆர்க்கிட். அதன் பெற்றோரில் ஒன்றான கலாந்தே மசூக்கா, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் நிழலிலும் ஊதா நிறத்தில் பூப்பது. அக்காலத் தோட்டக்காரர்கள் விதையைத் தாய்ச்செடியின் தொட்டியிலேயே தூவினால் ஓரளவு முளைக்கும் என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள். ஏன் என்றுதான் தெரியவில்லை.

காரணம் 1899-இல் பிரான்சில் தெரிந்தது. ஃபொந்தேன்புளோ காட்டில் முளைவிட்டுக் கிடந்த ஆர்க்கிட் விதைகளைச் சோதித்த நோயல் பெர்னார், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூஞ்சை புகுந்திருப்பதைக் கண்டார். விதைக்குச் சோறூட்டுவது அந்தப் பூஞ்சைதான். தாய்ச்செடியின் தொட்டி மண்ணில் அது ஏற்கெனவே குடியிருந்தது. இதன்பின் பூஞ்சையைத் தனியே வளர்த்து விதையோடு சேர்க்கும் முறை வந்தது. அது பலித்தது, ஆனாலும் பூஞ்சை மிஞ்சினால் முளையையே தின்றுவிடும்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன் பூஞ்சையையே விலக்கிவிட்டார். கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில் உப்புகளோடு சர்க்கரையும் இருந்தால் போதும் என்று 1922-இல் அவர் வெளியிட்டார். 1946-இல் அவர் திருத்தி எழுதிய 'நட்சன் சி' கலவையில் லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை, 1 கிராம் கால்சியம் நைட்ரேட், அரை கிராம் அம்மோனியம் சல்பேட். இதைக் கட்டியாக்கும் அகார், நோன்புக் காலத்தில் பல வீடுகளில் காய்ச்சிக் குளிரவைக்கும் அதே கடல்பாசிதான்.

இரண்டாம் கட்டம் சிங்கப்பூர். தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எரிக் ஹோல்ட்டம், ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளுக்காக உருவான கலப்பினங்களை நம்பாமல், வெப்பமண்டலத் தாழ்நிலத்தின் வெயிலிலேயே பூப்பவற்றை உருவாக்க 1928-இல் நட்சன் முறையைக் கையிலெடுத்தார். அந்த முயற்சியில் முதலில் பூத்த கலப்பினம் ஸ்பாத்தோகிளாட்டிஸ் பிரிம்ரோஸ் என்ற தரை ஆர்க்கிட். 1930-களின் தொடக்கத்தில் வந்த இது, மலாயா மலைகளில் மஞ்சளாகப் பூக்கும் ஆரியா என்ற இனத்துக்கும் ஊதாப் பூக்கொண்ட பிளிக்காட்டா என்ற இனத்துக்கும் பிறந்தது. பிளிக்காட்டா லேசுப்பட்ட செடியல்ல: 1883-இல் வெடித்து மொட்டையான கிரக்கத்தோவா தீவில் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குடியேறிய ஆர்க்கிட்களில் அதுவும் ஒன்று. விதையிலிருந்து பூவரை மரத்து ஆர்க்கிட்கள் பல ஆண்டுகள் எடுக்க, ஸ்பாத்தோகிளாட்டிஸுக்குச் சுமார் 2 ஆண்டுகளே போதும். பிரிம்ரோஸ் முதலில் பூத்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

குடுவையில் விதை முதலில் பச்சைக் கடுகு போன்ற உருண்டையாகிறது. பிறகு இலை, அதன்பின் வேர். ஆபத்து வெளியே எடுக்கும் நாளில்தான். வேரில் ஒட்டிய அகாரை வெதுவெதுப்பான நீரில் முழுவதும் கழுவ வேண்டும். துளி மிஞ்சினாலும் அந்தச் சர்க்கரையில் பூசணம் ஏறும். குடுவையின் ஈரக்காற்றிலேயே வளர்ந்த இலைக்கு மெழுகுப்பூச்சு மெல்லியது, வெளிக்காற்று பட்டதும் வாடும். அதனால் பல நாற்றுகளை ஒரே தொட்டியில் நெருக்கி நட்டு, சில வாரம் மூடிவைத்து, மூடியைச் சிறிது சிறிதாக விலக்குவார்கள். பழைய இலை பழுத்துப் புது இலை வந்தால் செடி பிழைத்தது. அடியில் கிழங்கு திரண்டபின் ஸ்பாத்தோகிளாட்டிஸுக்கு நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் சிங்கப்பூர்ப் பூங்காவிலேயே இருந்து ஆய்வைத் தொடர்ந்த ஹோல்ட்டம், 1953-இல் மலாயா ஆர்க்கிட்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஸ்பாத்தோகிளாட்டிஸ் உலகெங்கும் தோட்டங்களுக்குப் போனது. ஹவாயிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் பிளிக்காட்டா வேலியைத் தாண்டி, தானே காய்த்து, புதிய மண்ணில் தனக்கேற்ற பூஞ்சையைப் பிடித்துக்கொண்டு சாலையோரங்களில் முளைத்துக் கிடக்கிறது.