அலிகேட்ஸ் குழுவும் மேடைத்தொழில் ஒழுங்கும்

மலேசியத் தமிழர் கலை வரலாறு என்றதும் நாம் கோயிலையும் தோட்டத்து நாடக மேடையையுமே நாடுகிறோம். இரவு விடுதி மேடை நம் ஆய்வெல்லைக்குள் அரிதாகவே நுழைகிறது. 1960களின் இறுதியில் பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் இசைக்குழு அவ்வாறு விடுபட்டவற்றுள் ஒன்றாகும்.

டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் முன்னின்ற இக்குழு, 1970களில் ஹாங்காங் இரவு விடுதிகளில் தொழில்முறையாக இசைத்தது. விடுதி மேடை கண்டிப்பானதொரு பயிற்சிக்களம். குறித்த நேரத்தில் மேடையேற வேண்டும். உண்ணவும் உரையாடவும் வந்தோரின் செவியை இரவுதோறும் ஈர்க்க வேண்டும். தவறினால் ஒப்பந்தம் நீளாது. இசைத்தட்டு வெளிவருமுன்னரே குழுவுக்குப் பெயர் தேடித் தருவது இவ்வொழுங்குதான். சகோதரர்களின் சுருண்டடர்ந்த பெருமுடியோ சுவரொட்டியினும் எளிதாக நினைவில் நின்றது. அக்காலப் பெற்றோர் அதனை விரும்பினரா என்பது வேறு செய்தி!

பின்னர் அவர்கள் மலாய்ப் பாடல்களால் நாடறியப் பெற்றனர். இதனை வெறும் சந்தை உத்தியாகக் கொள்ளுதல் பொருந்தாது. பல்லின அவையை அறிந்து பாடிய தொழிலறிவு என்றே கருதுகிறோம். 2007இல் லோகநாதன் மறைந்த பின்னரும் டேவிட் குழுவைத் தொடர்ந்து நடத்தினார்.

மலாயில் பாடினர் என்பதற்காக இவர்களைத் தமிழர் கலை வரலாற்றுக்கு வெளியே நிறுத்துவது முறையா? விடுதி ஒப்பந்தங்களையும் விளம்பரத் தாள்களையும் நம் மாணவர்கள் திரட்டுவார்களாயின், இவ்வினாவுக்குச் சான்றுகளோடு விடை கூறலாம்.