மளிகைக் கடையில் ஒளிந்திருக்கும் கோதுமை

திருவிடந்தை முதல் மாமல்லபுரம் வரை உள்ள கடற்கரை ஊர்களின் பழைய உணவு அரிசிச் சோறும் கேழ்வரகுக் கூழும். இரண்டிலும் குளூட்டன் கிடையாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் இது. சீலியாக் நோய் உள்ளவர்களின் சிறுகுடலை இது பழுதாக்கும். வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதே இதற்கு மருந்து.

நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்கவில்லை. இந்நோய் கொண்ட குழந்தைகள் அப்போது தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்தார்கள். கோதுமைதான் காரணம் என்று முன்பே சந்தேகித்த டாக்டர் வில்லெம் டிக்கே 1950-ல் தம் ஆய்வை வெளியிட்டார்.

அதே உலகப் போர் தமிழகத்தில் நேர்மாறாக வேலை செய்தது. 1942-ல் பர்மா ஜப்பான் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ரேஷனில் கோதுமை வந்தது. 1956-ல் கையெழுத்தான பி.எல். 480 ஒப்பந்தப்படி அமெரிக்கக் கோதுமையும் கப்பல் கப்பலாக வந்திறங்கியது. ரவை உப்புமாவும் சப்பாத்தியும் வீட்டுச் சமையலாயின.

இன்று சிக்கல் வெளியே தெரியாத கோதுமையில்தான். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்கிறது. அதனால் சாம்பாரும் ரசமும்கூட ஆகாதவை ஆகலாம். கோதுமை அரைத்த மில்லிலேயே கேழ்வரகை அரைத்தாலும் கலப்படமாகும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே விலை உயர்ந்த பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருப்பது மட்டும் நல்ல கடைக்கு அடையாளம் அல்ல. அரிசி மாவையும் மைதாவையும் ஒரே கரண்டியால் அள்ளாத கடையே இவர்களுக்கு நல்ல கடை.